நீ இல்லாமலே சரி பண்ணிட்டேன்

என் வீட்டுக்காரி அமெரிக்காவுக்குப் போன மாதமும் லாரிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டிய மாதமும் ஒன்றாக வந்து தொலைந்தன. மகளுக்கு முதல் பிரசவம். போகாமல் இருக்க முடியாது. நானேதான் போகச் சொன்னேன். ஆறு மாதம் என்றார்கள், ஆறு மாதம்தானே என்று பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவள் திரும்பி நின்று கை காட்டினாளாம், அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் சொன்னதாக மகள் போனில் சொன்னாள். நான் பார்க்கவில்லை. தம்பியின் காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்ததால் அதற்குள் ஓடிவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது. இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது.

போவதற்கு முன் அவள் சொல்லித்தராத விஷயம் இல்லை. கேஸ் எப்போது பதிவு செய்ய வேண்டும், மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன் எது பின், மிக்ஸியில் எந்த மூடி எந்த ஜாருக்கு, மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எல்லாம் சொன்னாள். பாதியை அப்போதே மறந்துவிட்டேன், மீதியைக் காலண்டர் பின்புறம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்காது.

என்னுடையது ஆறு சக்கர நடுத்தர லாரி. எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மாமல்லபுரத்துப் பட்டறைகளிலிருந்து கல் சிலைகள் ஏற்றுவேன். பிள்ளையார், நந்தி, துவாரபாலகர், சமயத்தில் ஏதாவது ஹோட்டல் வாசலுக்கு யானை. வைக்கோலும் மணல் மூட்டையும் பழைய டயரும் பரப்பி, அதன்மேல் சிலையைப் படுக்கவைத்துக் கட்டி, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவது போல ஓட்ட வேண்டும். ஒரு காது நுனி உடைந்தாலும் பின்னம் என்று தள்ளிவிடுவார்கள். பின்னமான சிலை கோயிலுக்கு ஆகாது.

கல்யாணமான புதிதில் என்னிடம் கிளீனர் எவனும் நிற்கமாட்டான். என் வாய் அப்படி. மூன்றாவது கிளீனர் கல்பாக்கத்தில் டீ குடிக்க இறங்கியவன், கிளாஸைக்கூட வைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான். மறுநாள் விடியற்காலை லோடு. ஆள் இல்லை என்று திண்டாடிக்கொண்டிருந்தபோது இவள் தலையை வாரி முடிந்துகொண்டு வந்து கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வர்றேன். ஆனா நீ திட்னா நான் திருப்பித் திட்டுவேன். பரவால்லியா?" என்றாள்.

அப்படித்தான் என் மனைவி என் கிளீனர் ஆனாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று, வா வா வா, ஒடி ஒடி, போதும் என்று கத்துவாள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவாள். கயிறு இழுத்துக் கட்டுவதில் அவள் முடிச்சு என் முடிச்சைவிட நன்றாக நிற்கும். பட்டறைகளில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் லோடுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, கிரீஸ் அடிக்கிற வேலை மட்டும் கடைசிவரை எங்கள் இருவருடையதாகவே இருந்தது.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். லாரியில் இஞ்சின் முன்னால் இருக்கிறது, தள்ளுகிற சக்கரம் பின்னால் இருக்கிறது. நடுவில், வண்டிக்கு அடியில், நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஜாயிண்ட் ஷாஃப்ட் என்போம். மேடு பள்ளத்தில் பின் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது இந்தத் தண்டு கொஞ்சம் நீளவும் கொஞ்சம் குறுகவும் வேண்டும். அதற்காக அதை இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும்படி நெடுக்குவாக்கில் பல் வெட்டியிருப்பார்கள். ஸ்ப்ளைன் என்று பெயர். பல்லுக்கு நடுவில் கிரீஸ் இருக்கும்வரை சத்தமே இல்லாமல் நீண்டு குறுகும். காய்ந்துவிட்டால் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு பாரம் தாங்காமல் சட்டென்று வழுக்கும். அப்போது வண்டியே அதிர்கிற மாதிரி ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும்.

கிரீஸ் ஏற்றுவதற்கு அங்கே சுண்டுவிரல் நகமளவு ஒரு நிப்பிள் உண்டு. நாம் அடியில் போய்ப் படுத்தால் அது எப்போதும் எட்டாத பக்கம்தான் திரும்பி நிற்கும். நான் வெளியே வருவேன். அவள் டிரைவர் சீட்டில் ஏறி, பிரேக்கை விட்டு, வண்டியை ஒரு சாண் உருட்டி நிறுத்துவாள். ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான், விரற்கடை கூட்டிக் குறைக்கமாட்டாள். முட்டுக்கட்டை போட்டபின் நான் மறுபடி உள்ளே போவேன். கிரீஸ் கன்னின் குழாயை நான் நிப்பிளில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் வெளியே சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைப்பிடியை அடிப்பாள்.

அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். மற்ற நேரமெல்லாம் சண்டை, அல்லது சாப்பாடு. எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்ல வராது, தொண்டையில் வந்து நின்றுகொள்ளும், கோபமாக வெளியே வரும். அடியில் படுத்திருக்கும்போது அவளுடைய பாதமும் மெட்டியும் புடவை ஓரமும்தான் தெரியும். அதனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மகளைப் பொத்தேரியில் இவ்வளவு பெரிய காலேஜில் சேர்த்துவிட்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்று அங்கிருந்துதான் சொன்னேன். மகள் கேளம்பாக்கத்தில் வேலை பார்த்த இடத்துப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது நான் குதித்த குதியெல்லாம் வீட்டுக்குள். சரி, பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான் என்று ஒப்புக்கொண்டது வண்டிக்கு அடியில்.

அவள் போன பிறகு எஃப்.சி. வேலை. லாரி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு மேலிருந்து கீழ்வரை பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். செங்கல்பட்டில் ஒரு பெயிண்டர் இரண்டு நாளில் முடித்துக்கொடுத்தான். அடியில் சேஸிஸ், ஆக்ஸில், ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு. பார்க்கப் புதிதாக இருந்தது. எஃப்.சி.யும் பாஸ். வீட்டில் பாராட்ட ஆள் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூஞ்சேரி கூட்டுரோட்டில் சிக்னல் விழுந்து வண்டியை எடுக்கும்போது முதல் முறையாக அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கேட்டது. பிறகு எடுத்தாலும் டங், நிறுத்தினாலும் டங். நான் கிரீஸ் அடிக்காமல் இல்லை. தனியாகவே அடித்தேன், அழுத்தினால் கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கி வழிந்தது. உள்ளே நிரம்பிவிட்டது போல என்று துடைத்துவிட்டு எழுந்துவிட்டேன். முப்பது வருட அனுபவஸ்தன் செய்த காரியம் இது.

செங்கல்பட்டு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிராஸ் பூடுச்சு அண்ணாத்த, மாத்திடு" என்றான். ஷாஃப்ட் நுனியில் இருக்கிற அந்தக் கிராஸ் ஜாயிண்டை மாற்றினேன். சத்தம் நிற்கவில்லை. "அப்ப கிரௌன்லதான் இன்னாவோ கீது, பிரிச்சிடலாமா?" என்று, பின் ஆக்ஸிலுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரத்தையே பிரிக்கக் கண் மின்னக் கேட்டான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இதற்கிடையில் அவள் தினமும் காலையில் கூப்பிடுவாள். எனக்குக் காலை, அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். சாப்டியா என்பாள். சாப்டேன் என்பேன். குழந்தை தூங்குதா என்பேன். தூங்குது என்பாள். வேற இன்னா என்பாள். வேற ஒண்ணுமில்ல என்பேன். போனில் நேரம் காட்டுமே, நான்கு நிமிடம், மூன்றரை நிமிடம். வைத்தபிறகு சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன்காரம்மா, "அக்கா எப்ப வர்து? நீ சங்கராவ கண்ண பாத்து வாங்கத் தெரியாம வாங்கினு போற, எனக்கே பாவமா கீது" என்று சொன்னதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், நீ இல்லாமல் திண்டாடுகிறேன் என்று ஆகிவிடுமாம். எவ்வளவு வீம்பு பாருங்கள்.

நான்காவது மாதம் ஒரு நாள், போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்துவிட்டு வண்டியைத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு எடுத்தேன். டங்.

"இரு இரு. இன்னா அது?" என்றாள்.

"வண்டிதான். கொஞ்ச நாளா வர்து."

"நிறுத்து. மறுபடி எட்து காட்டு."

எடுத்துக் காட்டினேன். டங். அவள் குரலே மாறிவிட்டது.

"எடுக்கும்போது மட்டுமா, நிறுத்தும்போதுமா?"

"ரெண்டுக்கும்."

"லோடு இருந்தா?"

"ஜாஸ்தி. கிராஸ் மாத்திட்டேன், நிக்கல."

"எஃப்.சி.க்கு பெயிண்ட் அடிச்சாங்களா?"

"அடிக்காம?"

"மூடி போட்டியா?"

"இன்னா மூடி?"

அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"பேனா மூடிய்யா. நிப்பிள் மேல போடணும். இல்லாட்டி பெயிண்டு போயி அடைச்சிக்கும், அப்பறம் நீ எவ்ளோ கிரீஸ் அடிச்சாலும் வெளியத்தான் வழியும். வருசா வருசம் பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி நாந்தான அடியில பூந்து போடுவேன். தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியாது. மகள் எழுதித் தீர்த்த பேனாக்களின் மூடிகளை அவள் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள், எதற்கும் ஆகாத குப்பை என்று நான் இரண்டு தரம் தூக்கிப்போடப் பார்த்திருக்கிறேன். எஃப்.சி. முடிந்து வந்த வண்டிக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் பட்ட மூடிகள் கிடக்கும். பிள்ளை கண்ட இடத்தில் போடுகிறாள் என்று கத்தியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட, அது நான் போட்டது, உன் வண்டிக்காகப் போட்டது என்று சொன்னதில்லை. இத்தனை வருடமாக இந்த வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, சும்மா பார்க்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறே சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏனென்றால் அன்று போன் பேசியது நாற்பத்திரண்டு நிமிடம்.

மறுநாளும் அப்படித்தான். போனை எடுத்ததும் சாப்டியா என்று கேட்கவில்லை, "பாத்தியா, அடைச்சிகினு கீதா?" என்றாள். இன்னும் பார்க்கவில்லை என்றேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினாள். எனக்குத் தெரிந்ததையே தெரியாத மாதிரிக் கேட்டேன். பெயிண்டை எதனால் சுரண்டுவது? நிப்பிளைக் கழற்றினால் மரை போய்விடாதா? "ஒனக்கு இன்னா ஆச்சு, புதுசா லாரி ஓட்ற மாதிரி கேக்கற?" என்று திட்டிவிட்டு, ஆனாலும் சொன்னாள். மகள் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்கும். "இருடி, உங்கப்பாவுக்கு வண்டி பிரச்சின" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் மூக்கு உறிஞ்சுவது, அந்த ஊர்க் குளிர், எல்லாம் கேட்கும்.

முதல் ஞாயிறு மழை என்றேன். இரண்டாவது ஞாயிறு கிரீஸ் கன்னைத் தம்பி எங்கோ வைத்துவிட்டான் என்றேன். மூன்றாவது ஞாயிறு, ஷாஃப்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும் போல, ஒற்றை ஆளாக முடியாது என்றேன். "தம்பிய கூப்டு" என்றாள். "அவன் நடவுல கீறான்" என்றேன். "இறக்குனா குறி போட்டுட்டு இறக்கு. ஒரு பல்லு மாறி மாட்னாலும் வண்டி முழுக்க நடுங்கும்" என்றாள். தெரியாதா எனக்கு. தெரியாதவன் மாதிரி, அப்படியா என்றேன். வாரா வாரம் டங் டங் என்று அடித்துக்கொண்டு ஓடியது வண்டி, நான் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு முடிவு வந்தது. மாமல்லபுரத்தில் ஒரு நந்தியை ஏற்றிக் கட்டி, பட்டறை வாசலிலிருந்து வண்டியை எடுத்தபோது, டங் என்று அடித்ததில் அடியில் கொடுத்திருந்த மரக்கட்டை துள்ளி, நந்தி இரண்டு விரல் நகர்ந்துவிட்டது. உடையவில்லை. ஸ்தபதி ஓடிவந்து நந்தியின் காதையும் கொம்பையும் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினைந்து வருடப் பழக்கம். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எறக்குங்க. அந்த சத்தத்த நிறுத்திட்டு வாங்க அண்ணாத்த. அதுவரிக்கும் என் கல்லு உங்க வண்டியில ஏறாது."

அவமானமாக இருந்தது. இனி நாடகம் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அவள் கூப்பிட்டபோது வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"இவ இன்னொரு ஆறு மாசம் இருக்கச் சொல்றா. வேலைக்குப் போவணுமாம், கொழந்தைய பாத்துக்க ஆள் இல்ல. அதுக்கு அப்ளிகேஷன் போடலாமாம். நீ இன்னா சொல்ற?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "உன் இஷ்டம்."

"என் இஷ்டத்த கேக்கல. நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது? இங்க ஒண்ணும் நின்னு பூடல."

அவளாகவே, இல்லை நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லுவாள் என்று பார்த்தேன்.

"வண்டி?" என்றாள்.

"வண்டிய நான் பாத்துக்கறேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை எனக்குள் ஒரு வெறி. அவள் இல்லாவிட்டால் நடக்காதா என்ன, காட்டுகிறேன் பார் என்ற வெறி. எட்டு முட்டுக்கட்டை எடுத்து நான்கு பக்கமும் முன்னும் பின்னும் அண்டக் கொடுத்தேன். அடியில் போய் ஷாஃப்ட் மேலிருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினேன். நிப்பிளின் வாயில் பெயிண்ட் மொத்தமாக உறைந்து கிடந்தது, ஊசி கூட இறங்கவில்லை. கழற்றித் தூர எறிந்தேன். உள்ளே இருந்த ஓட்டையில் கம்பியை விட்டால் கிரீஸ் இல்லை, சிவப்பாகத் துருப்பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. இறக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டு துண்டின் மீதும் சேர்ந்தாற்போல் உளியால் ஒரு கோடு போட்டேன். ஷாஃப்டை ஒரு கயிற்றால் சேஸிஸில் தொங்கவிட்டு, பின்பக்கத்து நான்கு போல்ட்டைக் கழற்றினேன். அவள் இருந்திருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருப்பாள். என் முடிச்சு நழுவி, ஷாஃப்ட் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அந்தக் கனத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தபோது பழக்கதோஷத்தில், "கொஞ்சம் தூக்குமே" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு திரும்பிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறும் மண்.

பிறகு ஷாஃப்டைத் தரையில் இறக்கி, இரண்டு துண்டையும் தனித்தனியாக உருவினேன். டீசல் ஊற்றி, பிரஷ் போட்டு, ஒவ்வொரு பல்லாகத் துருவைத் தேய்த்துக் கழுவினேன். வெயிலில் துடைத்து வைத்துவிட்டு, புது கிரீஸை விரலால் எடுத்துப் பல்லுக்குப் பல் பூசினேன். கோட்டுக்குக் கோடு பார்த்து நுழைத்தபோது ஷாஃப்ட் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. புது நிப்பிள் போட்டு, வெளியே வந்து, வண்டியை ஒரு சாண் உருட்ட ஏறி இறங்கி, மறுபடி உள்ளே போய், கிரீஸ் கன்னின் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முழங்காலால் அழுத்தி அடித்தேன். ஏழு மணிக்கு ஆரம்பித்தது, முடிக்கும்போது ஒரு மணி.

தெருவில் எடுத்தேன், நிறுத்தினேன். எடுத்தேன், நிறுத்தினேன். சத்தமே இல்லை. உடனே தம்பியைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொன்னேன். முதல் கியர், பிரேக், முதல் கியர், பிரேக். வீடியோவை அவளுக்கு அனுப்பி, கீழே டைப் செய்தேன். நீ இல்லாமலே சரி பண்ணிட்டேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அவ்வளவுதான். அடுத்த நாள் போன் மூன்று நிமிடம். சாப்டியா, சாப்டேன். அந்த வாரமே அப்ளிகேஷன் போட்டுவிட்டோம், டிக்கெட்டை மாற்றிவிட்டோம் என்று மகள் சொன்னாள். நல்லது என்றேன்.

போன மாதம் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பிள்ளையார் கொண்டுபோனேன். உள்ளே சின்னதாகக் கோயில் கட்டுகிறார்கள். கிரேன் வரத் தாமதம். கேபினிலேயே உட்கார்ந்திருந்தபோது அவள் வீடியோ காலில் வந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்தாளாம்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜம் சொல்லு. அன்னிக்கி எதுக்கு அந்த வீடியோ அனுப்புன?"

"சத்தம் நின்னுடுச்சின்னு காட்டத்தான்."

"நான் இல்லாமலே ஆவும்னு காட்டத்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "உனக்குத் தெரியுமா, இவங்க கேட்டப்பவே நான் மாப்ளகிட்ட சொல்லிட்டேன். அங்க வண்டி பேஜாரு பண்ணுது, அந்த மனுசனுக்கு ஒத்த ஆளா ஆவாது, நான் போயித்தான் ஆவணும்னு. அவரும் சரி அத்தைன்னுட்டாரு. இவளையும் சமாதானம் பண்ணி வச்சிட்டேன். பெட்டி பாதி அடுக்கிட்டேன். அப்பதான் உன் வீடியோ வந்துச்சி. மாப்ள பாத்துட்டு கை தட்றாரு. மாமா சூப்பர் அத்தை, இனிமே நீங்க கவலப்படாம இருக்கலாம்னு. நான் இன்னா சொல்லுவேன்? பெட்டிய பிரிச்சி வச்சேன்."

ஒளிந்துகொள்ள இடமில்லை, அவள் முகம் கைக்குள்ளேயே இருந்தது. செக்யூரிட்டிக்காரர் கண்ணாடியைத் தட்டி, கிரேன் வந்துவிட்டது என்றார். கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"வூட்டுக்கு வாமே" என்றேன்.

"இன்னா?"

"வூட்டுக்கு வாமே. நீ இல்லாம எனக்கு முடியல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தாள். இந்தப் பக்கம் திரும்ப ரொம்ப நேரம் ஆயிற்று.

"டிக்கெட்டு மாத்தியாச்சு. இவளும் வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டா. இனிமே அஞ்சி மாசம் கழிச்சித்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினு இப்ப எதுக்குச் சொல்ற?"

எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன்.